தூக்கி எறியறதுக்கு முன்னாடி எடை போட்டுப் பாருங்க

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். கால்குலேட்டர் பக்கத்துல இருந்தா எடுத்துக்கங்க.

ஒரு ஸ்பின்னிங் மில்லோட கியூசி லேபுக்கு 30ஆம் நம்பர் நூல் டெஸ்டுக்கு வருதுன்னு வச்சுக்குவோம். பத்து காப்ஸ் எடுக்கறாங்க. ஒவ்வொண்ணுலயும் 120 கஜம், அதாவது ஒரு லீ, ராப் ரீல்ல சுத்தி எடை போட்டு கவுண்ட் பார்க்கறாங்க. நம்பர் கூடினா நூல் சன்னம், குறைஞ்சா தடிமன். இது நம்ம ஊர்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்ச விஷயம்தான். வந்த ரீடிங் இதோ:

29.6, 29.8, 29.9, 30.0, 30.0, 30.1, 30.2, 30.4, 39.9, 40.1

சராசரி போடுங்க. சரியா 32.0 வரும். இந்தப் பத்துல ஒரு காப்ஸ்கூட 32க்குப் பக்கத்துல இல்லைங்கறதைக் கவனிச்சீங்களா? இல்லாத ஒரு நூலோட நம்பரை சராசரி நமக்குச் சொல்லுது.

சரி, நமக்குத்தான் ஒரு வைத்தியம் தெரியுமே. திட்ட விலக்கம் கண்டுபிடிச்சு, சராசரியில இருந்து மூணு சிக்மாவுக்கு வெளிய இருக்கறதை அவுட்லையர்னு தூக்கிடணும். செகண்ட் இயர் லேப்ல இருந்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வரைக்கும் நாம கையில வச்சிருக்கற ஒரே ஆயுதம் அதுதான். போட்டுப் பாருங்க. திட்ட விலக்கம் சுமார் 4.22. மூணு சிக்மா எல்லை 19.3ல இருந்து 44.7 வரை. 39.9, 40.1 ரெண்டுமே உள்ள இருக்கு. ரெண்டு சிக்மா எடுத்தாலும் எல்லை 40.4 வரைக்கும் போகுது, அப்பவும் உள்ளதான். "எல்லாம் சரியா இருக்கு"ன்னு ரூல் சர்டிபிகேட் குடுத்துருச்சு.

இன்னும் ஒரு படி போங்க. 40.1ஐ எடுத்துட்டு நாற்பதாயிரம்னு போடுங்க. அப்பவும் மூணு சிக்மா ரூல் அதைப் பிடிக்காது. பத்து ரீடிங் இருக்கற எந்த லிஸ்ட்லயும் ஒரு ரீடிங் சராசரியில இருந்து அதிகபட்சம் 2.85 சிக்மா தூரம்தான் போக முடியும். 9ஐ 10இன் வர்க்கமூலத்தால வகுத்தா வர்ற எண் அது. இது நிரூபிக்கப்பட்ட கணிதம். அதாவது பத்து ரீடிங் எடுத்து "மூணு சிக்மா செக் பண்ணியாச்சு, அவுட்லையர் இல்லை"ன்னு ரிப்போர்ட்ல எழுதினா, நாம எதையுமே செக் பண்ணலைன்னு அர்த்தம்.

ஏன் இப்படி ஆகுது? தப்பான ரீடிங் சராசரியையும் தன் பக்கம் இழுத்துக்குது, திட்ட விலக்கத்தையும் ஊத வச்சுடுது. எல்லையை வரையறதே அதுதான். வேலியே பயிரை மேயற கதை. புள்ளியியலில் இதுக்கு மாஸ்கிங்னு பேரு.

மீடியன் எடுத்தா தப்பிச்சுடலாம். இந்தப் பத்துக்கும் மீடியன் 30.05. மீடியனில் இருந்து ஒவ்வொரு ரீடிங்கும் எவ்வளவு விலகியிருக்குன்னு பார்த்து, அந்த விலகல்களுக்கும் ஒரு மீடியன் எடுத்தா 0.2. அந்த அளவுகோல்ல 39.9 எங்கயோ நிக்கறது பளிச்சுனு தெரியும். ரெண்டையும் தூக்கிட்டா சராசரி 30.0. நூல் 30ஆம் நம்பர்தான். வேலை முடிஞ்சது.

முடிஞ்சதா? இந்தக் கட்டுரையே இந்தக் கேள்விக்காகத்தான்.

அந்த ரெண்டு ரீடிங்கை இன்னொரு தடவை பாருங்க. 39.9, 40.1. தராசு கோளாறுன்னா ஒண்ணு 17லயும் இன்னொண்ணு 52லயும் விழுந்திருக்கும். இது ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல, அதுவும் சரியா 40ஐச் சுத்தி நிக்குது. 40ஆம் நம்பர் நூல் காப்ஸ் ரெண்டு 30ஆம் நம்பர் லாட்ல கலந்துருச்சுன்னு அது கத்திச் சொல்லுது. மில்லுல இதுக்குப் பேரே கவுண்ட் மிக்ஸ்-அப். இது நடக்கக்கூடாதுன்னுதான் கவுண்டுக்கு ஒரு கலர்ல பாபின் வைக்கறாங்க. அதையும் மீறிக் கலந்த நூல் திருப்பூருக்குப் போய், நிட்டிங் மெஷின்ல ஏறி, சாயப்பட்டறையில நனைஞ்சு வெளிய வரும்போது துணியில கோடு கோடாப் பட்டை விழும். சன்னமான நூல் ஓடின வரிசை மட்டும் தனியாத் தெரியும். அந்த ரோல் ரிஜக்ட்.

இப்ப யோசிங்க. ரெண்டு ரீடிங்கையும் தூக்கி எறிஞ்சுட்டு "சராசரி கவுண்ட் 30.0"ன்னு எழுதினவர் சொன்னது பொய் இல்லை. சராசரி சரி. ஆனா அந்த லாட் சரியில்லை. சரியான விடையை எழுதி, சொல்ல வேண்டிய விஷயத்தை விட்டுட்டார்.

என் கருத்து இதுதான்: அவுட்லையரை நம்ம விடையைக் கெடுக்க விடக்கூடாது, அதுக்காக அதை அழிக்கவும் கூடாது. எடையைக் குறைச்சு ஓரமா நிக்க வச்சு, "நீ யாரு?"ன்னு கேட்கணும். இப்படிக் கேட்கறதுக்குப் புள்ளியியலில் ஒழுங்கான வழி இருக்கு. அதுல ஒரு பெரிய பங்கு நம்ம நாட்டுக்காரங்களோடது. அதை நாம படிக்கறதே இல்லைங்கறதுதான் என் ஆதங்கம்.

கலப்பு, கலவை: ரெண்டும் ஒண்ணு இல்லை

கோயம்புத்தூர்ல மில்லுப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை பழக்கம். ஒண்ணு மிக்ஸிங். பல ஊர்ப் பஞ்சு பேல்களை வேணும்னே ஒரு கணக்குல கலக்கறது. இன்னொண்ணு கண்டாமினேஷன். பஞ்சுக்குள்ள தலைமுடி, சணல் நார், பிளாஸ்டிக் சாக்கு இழை, கலர்த் துணித்துண்டு எல்லாம் வந்து சேர்றது. முதல்ல சொன்னது கலவை, ரெண்டாவது கலப்படம். மில் ரெண்டையும் வேற வேறயாத்தான் நடத்தும்.

புள்ளியியல் ஆட்களும் இதே ரெண்டு வார்த்தையைத்தான் பிடிச்சாங்க. 1960இல் ஜான் டூக்கி "கண்டாமினேட்டட்" பரவல்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல இயல்நிலைப் பரவல் ஒண்ணு, அதுக்குள்ள மூணு மடங்கு சிதறல் உள்ள இன்னொண்ணு கொஞ்சமாக் கலந்திருக்கு. எவ்வளவு கலந்தா திட்ட விலக்கம் தன் மரியாதையை இழக்கும்? ஆயிரத்துக்கு ரெண்டு ரீடிங் கலந்தாலே போதும், சிதறலை அளக்கறதுக்கு, பாடப்புத்தகம் ஒதுக்கி வச்ச சராசரி விலக்கம் அதை முந்திடுது. 1964இல் பீட்டர் ஹூபர் இதையே ஒரு கோட்பாடா வளர்த்தார். ரோபஸ்ட் புள்ளியியல்னு இன்னைக்கு நாம சொல்றதுக்கு அஸ்திவாரம் அங்கதான்.

கலவையோட கதை அதைவிடப் பழசு. நேப்பிள்ஸ் கடற்கரையில பிடிச்ச 1000 நண்டுகளை அளந்து பார்த்தார் வெல்டன். ஒரு அளவு மட்டும் மணி வடிவத்துக்கு வராம ஒரு பக்கம் சாய்ஞ்சு நின்னது. சாய்வை உண்டாக்கற நண்டுகளைத் தூக்கிப் போட்டு வளைவரையை அழகாக்கியிருக்கலாம். அவர் செய்யலை. ரெண்டு இனம் கலந்திருக்குமோன்னு சந்தேகப்பட்டு கார்ல் பியர்சனிடம் கேட்டார். பியர்சன் 1894இல் ரெண்டு இயல்நிலைப் பரவல்களின் கலவையைப் பிரிச்சுக் காட்டினார். அதுக்கு ஒன்பதாம் படிச் சமன்பாடு ஒண்ணைத் தீர்க்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல.

அடுத்த முக்கியமான படியை வச்சவர் நம்ம ஆள். சி. ஆர். ராவ். 1920இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஹடகலியில் பிறந்தவர். கல்கத்தாவில் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வளர்ந்தவர். 1948இல், ரெண்டு பரவல் கலந்த டேட்டாவை மாக்ஸிமம் லைக்லிஹுட் வழியில மதிப்பிடறது எப்படின்னு ஃபிஷரின் ஸ்கோரிங் முறையை வச்சுச் செஞ்சு காட்டினார். அவர் 2023 ஆகஸ்டில், 102 வயதில் காலமானார். எத்தனை பேர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வச்சோம்?

இன்னைக்குப் பைத்தானில் காஸியன் மிக்ஸ்சர்னு ஒரே வரியில கூப்பிடறோமே, அதுக்குள்ள ஓடறது 1977இல் டெம்ப்ஸ்டர், லேர்ட், ரூபின் மூணு பேரும் முறைப்படுத்திய ஈஎம் அல்காரிதம். அது செய்யற வேலை எளிமையானது. ஒவ்வொரு ரீடிங்கையும் பார்த்து, "நீ இந்தக் குழுவைச் சேர்ந்தவனா இருக்க எவ்வளவு வாய்ப்பு, அந்தக் குழுவுக்கு எவ்வளவு?"ன்னு பங்கு பிரிக்கும். பங்குகளைக் கூட்டினா எப்பவும் 1.

பிரச்சினையும் இங்கதான். கூட்டினா 1 வந்தே ஆகணும்னா, எந்தக் குழுவுக்கும் சேராத ஒரு ரீடிங்கும் ஏதாவது ஒரு குழுவுல சேர்ந்தே ஆகணும். தசமப்புள்ளி விட்டுப்போய் 300னு டைப் ஆன ரீடிங்கையும் ஈஎம் யாரோ ஒருத்தர் வீட்டுக்குள்ள தள்ளிவிடும். அந்த வீட்டோட சராசரி பறிபோகும். இல்லைன்னா, அந்த ஒத்த ரீடிங்குக்காகவே ஒரு தனிக் குழு கட்டிக் குடுத்துடும். கலவையைப் பிரிக்கத் தெரிஞ்ச முறைக்குக் கலப்படத்தைப் பார்க்கத் தெரியலை.

யாருக்கும் சேராதவனுக்கும் ஒரு இடம்

வெயிட்டட் லைக்லிஹுட் இந்த இடத்துலதான் வருது. 1994இல் புரூஸ் லிண்ட்சே போட்ட பாதையில, மரியாந்தி மார்கட்டு, அயனேந்திரநாத் பாசு, லிண்ட்சே மூணு பேரும் 1997, 1998 கட்டுரைகளில் இதைக் கட்டி எழுப்பினாங்க. பாசு, ராவ் வளர்ந்த அதே இந்தியப் புள்ளியியல் கழகத்துக்காரர். 2000இல் மார்கட்டு இதை மிக்ஸ்சர் மாடலோட இணைச்சார்.

ஃபார்முலா இல்லாமச் சொல்லிப் பார்க்கறேன். சாதாரண மாக்ஸிமம் லைக்லிஹுட்ல எல்லா ரீடிங்குக்கும் ஒரே ஓட்டு. யோக்கியனுக்கும் ஒண்ணு, டைப்பிங் மிஸ்டேக்குக்கும் ஒண்ணு. வெயிட்டட் லைக்லிஹுட்ல ஒவ்வொரு ரீடிங்குக்கும் 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு எடை. அந்த எடையை யார் முடிவு பண்றது? நீங்களும் இல்லை, உங்க கைடும் இல்லை. ரெண்டு படங்களை ஒப்பிட்டு அந்த எடை வருது. ஒண்ணு, டேட்டாவை மட்டும் வச்சு வரைஞ்ச அடர்த்தி வளைவரை. இன்னொண்ணு, நாம நம்பற மாடல் சொல்ற வளைவரை. ரெண்டையும் ஒரே அளவு மழுப்பிட்டு, ஒவ்வொரு ரீடிங் இருக்கற இடத்துலயும் கேட்கறோம்: மாடல் எதிர்பார்த்ததைவிட எத்தனை மடங்கு டேட்டா இங்க குவிஞ்சிருக்கு?

சமமா இருந்தா எடை 1. ஹெல்லிங்கர் தூரம்னு ஒரு அளவுகோலை அடிப்படையா எடுத்துக்கிட்டா, 4 மடங்குன்னா எடை 0.75. 100 மடங்குன்னா 0.19. 10,000 மடங்குன்னா 0.02. நூல் கணக்குக்கு வாங்க. சராசரி 30, சிதறல் கால் கவுண்ட்னு சொல்ற மாடல், 40ல ஒருத்தனும் இருக்க மாட்டான்னு நினைக்குது. அங்க ரெண்டு பேர் நிக்கறாங்க. எதிர்பார்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால மடங்கு எங்கயோ போகும், எடை பூஜ்யத்துக்குப் பக்கத்துல விழும். விடை 30 பக்கமே நிக்கும்.

இதுல ரெண்டு விஷயம் எனக்குப் பிடிச்சது. முதலாவது, தூரமா இருக்கறதுனால மட்டும் யாருக்கும் தண்டனை இல்லை. வால் நீளமான பரவல்தான் உங்க மாடல்னா, தூரத்துல ஒரு ரீடிங் இருக்கறது இயல்பு, அதுக்கு முழு எடை உண்டு. எதிர்பாராம இருக்கறதுக்குத்தான் எடை குறையும். ரெண்டாவது, மாடல் உண்மையிலேயே சரியா இருந்தா, ரீடிங் எண்ணிக்கை கூடக்கூட எல்லா எடையும் 1ஐ நோக்கிப் போகும். அதாவது நல்ல டேட்டாவுக்கு, பழைய மாக்ஸிமம் லைக்லிஹுட்டோட கூர்மையை இழக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு வேணும்னா கொஞ்சம் துல்லியத்தைக் காவு குடுத்துத்தான் ஆகணும்னு இருந்த பேரத்தை இது பெருமளவு தளர்த்துது.

மிக்ஸ்சர் மாடலுக்குள்ள இந்த எடையைக் கொண்டுவந்தா, ஒவ்வொரு ரீடிங்குக்கும் ரெண்டு கேள்வி. எந்தக் குழு? அதுக்கு முன்னாடி, எந்தக் குழுவாவது உனக்கு உண்டா? இப்ப 40.1க்கு 40ஆம் நம்பர் வீட்டுல இடம் கிடைக்கும். 300க்கு எங்கயும் இடம் இல்லை, ஆனா லிஸ்ட்ல பேர் இருக்கும், பக்கத்துல சின்ன எடை எழுதியிருக்கும். கலவையும் கலப்படமும் பிரிஞ்சுருச்சு.

இன்னொரு வினோதமும் இருக்கு. இந்தச் சமன்பாடுகளுக்கு ஒண்ணுக்கு மேல விடை வரலாம். நூறு ரீடிங்குல அறுபது 30ஐச் சுத்தியும் நாற்பது 40ஐச் சுத்தியும் இருக்கு, நீங்க ஒரே ஒரு இயல்நிலைப் பரவல்தான்னு நினைச்சுப் பொருத்தறீங்கன்னு வச்சுக்கங்க. 30 பக்கத்துல இருந்து தேட ஆரம்பிச்சா 30ல நிக்கலாம், 40 பக்கத்துல ஆரம்பிச்சா 40ல நிக்கலாம். முதல்ல பார்க்கும்போது இது பக் மாதிரித் தெரியும். உண்மையில, "நீ ஒண்ணுன்னு நினைச்சது ரெண்டு"ன்னு டேட்டா கையைத் தூக்கிக் காட்டுது. மூணு பேரும் 1998 கட்டுரையில, டேட்டாவுல இருந்து சின்னச் சின்ன மாதிரிகளை எடுத்து, பல இடத்துல இருந்து தேடலைத் தொடங்கி இந்த விடைகளை எல்லாம் கண்டுபிடிக்கற முறையையும் குடுத்திருக்காங்க.

நாம என்ன பண்ணிட்டிருக்கோம்?

இப்ப நம்ம பக்கம் வருவோம். எந்தக் காலேஜ்னு இல்லை, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்களைப் புரட்டினா ஒரு வரி அடிக்கடி கண்ணுல படும்: "டேட்டா சுத்தம் செய்யப்பட்டு, அவுட்லையர்கள் நீக்கப்பட்டன." எத்தனை? எவை? ஏன்? ஒண்ணும் இருக்காது. அடுத்த பக்கத்துல ஆக்யூரசி பளபளன்னு இருக்கும்.

ஒரு உதாரணம் சொல்றேன். நம்ம ஊர் பம்ப்செட் ஊர். அதனால "மோட்டார் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் மெஷின் லேர்னிங்"ங்கற தலைப்பு நமக்குத் தீராத ஆசை. போர்வெல் மோட்டாரோட கரண்ட் ரீடிங்கை சென்சார்ல எடுக்கறோம். கிணத்துல தண்ணி வத்தி மோட்டார் வெறுமனே ஓடினா, லோடு இல்லாததால கரண்ட் திடீர்னு இறங்கும். அந்த ட்ரை ரன் தொடர்ந்தா மோட்டார் சூடேறிப் போயே போயிடும். அந்த இறங்கின ரீடிங்தான் நாம தேடற புதையல். நாம முதல் ஸ்டெப்லயே என்ன பண்றோம்? அவுட்லையர் ஃபில்டரைப் போட்டு அதைத் துடைச்சுடறோம். அப்புறம் "பழுது கண்டறிதல்"னு தலைப்பு. பொள்ளாச்சியிலயோ பல்லடத்துலயோ கடன் வாங்கி மோட்டார் இறக்கின ஒரு விவசாயிக்கு இந்த மாடலைக் குடுத்தா, அது கடைசி வரைக்கும் "எல்லாம் நார்மல்"னு சொல்லிட்டே இருக்கும். மாடலுக்கு நாம கத்துக்குடுத்ததே நார்மல் மட்டும்தானே.

இந்தப் பழக்கம் ப்ராஜெக்ட்ல தொடங்கறது இல்லை. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப்லயே தொடங்குது. கிராஃப்ல ஒரு புள்ளி நேர்கோட்டுக்கு வெளிய விழுந்தா, "ரீடிங்கைச் சரி பண்ணிக்க மச்சி"ன்னு பக்கத்து டேபிள்ல இருந்து சத்தம் வரும். சரி பண்றதுன்னா திரும்ப அளக்கறது இல்லை, நம்பரை மாத்தறது. நாலு வருஷம் இப்படிப் பழகின கை, வேலைக்குப் போன பிறகு மட்டும் எப்படி மாறும்?

ஓசோன் ஓட்டை கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூணு பேரும் அண்டார்டிகாவில் தரையில இருந்து எடுத்த அளவீடுகளை வச்சு அதை வெளியிட்டாங்க. அதே வானத்தை நாசா செயற்கைக்கோள் மேல இருந்து பார்த்துட்டுதான் இருந்தது. "நாசா கம்ப்யூட்டர் அந்தக் குறைஞ்ச ரீடிங்கை எல்லாம் அவுட்லையர்னு அழிச்சுருச்சு"ன்னு ஒரு கதை சுத்துது. அது சரியில்லை. அந்த ரீடிங்குகளுக்குச் சந்தேகக் குறிதான் போடப்பட்டிருந்தது, அழிக்கப்படலை. அதனாலதான் திரும்பிப் போய்ப் பார்க்க முடிஞ்சது, ஓட்டை எவ்வளவு பெரிசுன்னு படமாக் காட்டவும் முடிஞ்சது. குறி போடறதுக்கும் அழிக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரிசு.

எதிர்க்கேள்விகள்

"இதெல்லாம் ஓவர் இல்லையா? மீடியன் போதாதா?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. 1977இல் ஸ்டீபன் ஸ்டிக்லர், பழைய அறிவியல் அளவீடுகளை எடுத்து, நவீன ரோபஸ்ட் முறைகளை எல்லாம் ஓட்டிப் பார்த்தார். ரெண்டு முனையிலயும் பத்து சதவீதத்தை வெட்டிட்டு எடுக்கற எளிய சராசரியே நல்லா நின்னது. வெறும் ஒரு மைய எண்தான் வேணும்னா மீடியனோ வெட்டிய சராசரியோ தாராளமாப் போதும், நானும் ஒத்துக்கறேன். ஆனா அந்த 39.9 யாருன்னு அது சொல்லாது. எடை சொல்லும்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. "பெரும்பான்மைதான் உண்மைன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்களா?" ஸ்டிக்லர் எடுத்த டேட்டாவுலயே பதில் இருக்கு. 1882இல் சைமன் நியூகோம்ப் ஒளியின் வேகத்தை அளந்தார், 66 ரீடிங். 24,800 நானோசெகண்டுக்கு மேல எவ்வளவுன்னு எழுதினா, பெரும்பாலானவை 20லயும் 30லயும் இருக்க, ரெண்டு மட்டும் மைனஸ் 44, மைனஸ் 2. எல்லாத்துக்கும் சராசரி 26.2. அந்த ரெண்டு இல்லாம 27.75. இன்றைய மதிப்பின்படி வந்திருக்க வேண்டியது சுமார் 33. ரோபஸ்ட் முறை அவரை உண்மைக்குப் பக்கத்துல கூட்டிட்டுப் போச்சு, ஆனா கொண்டுபோய்ச் சேர்க்கலை. ஏன்னா மிச்சம் 64 ரீடிங்கும் சேர்ந்தே ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. தராசே கோணலா இருந்தா எடை போட்டு என்ன பண்றது? எந்தப் புள்ளியியலும் கருவியைக் கேலிபரேட் பண்ணித் தராது.

வெயிட்டட் லைக்லிஹுட்டுக்குன்னே சில குறைகளும் உண்டு. வளைவரையை எவ்வளவு மழுப்பறதுங்கறதை நாமதான் தேர்ந்தெடுக்கணும், அது விடையைப் பாதிக்கும். ரீடிங் ரொம்பக் குறைவா இருந்தா வளைவரையே நம்பகமா இருக்காது. நிறைய வேரியபிள் இருந்தா அடர்த்தி வரையறதே சிரமம். இதையெல்லாம் மறைச்சுட்டு "ரோபஸ்ட்"ங்கற வார்த்தையை மட்டும் ரிப்போர்ட்ல ஒட்டினா, பழைய தப்பைப் புது டப்பாவுல போட்ட மாதிரிதான்.

அதனால, உங்களிடம் கேட்கறது

பெரிசா ஒண்ணும் இல்லை. மூணே மூணு.

ஒண்ணு, கச்சா ஃபைலைத் தொடாதீங்க. நீக்கறதா இருந்தா ஒரு தனிக் காலம் போட்டு எடையை எழுதுங்க. 0ன்னு எழுதினாலும் பரவாயில்லை, வரிசை அங்கயே இருக்கட்டும். நாளைக்கு உங்க ஜூனியர் அதே டேட்டாவை எடுத்து உங்ககிட்ட கேள்வி கேட்க முடியணும்.

ரெண்டு, சாதாரண முறையிலயும் ரோபஸ்ட் முறையிலயும் ரெண்டு விடையும் போடுங்க. ஆர் மொழியில டபிள்யூஎல்இன்னு ஒரு பேக்கேஜ் இலவசமாக் கிடைக்குது, நார்மல் மாடலுக்கு வெயிட்டட் லைக்லிஹுட் அதுல தயாரா இருக்கு. ரெண்டு விடையும் ஒத்துப்போனா நிம்மதியாத் தூங்கலாம். ஒத்துப்போகலைன்னா, உங்க ப்ராஜெக்ட்ல சுவாரஸ்யமான பகுதி இப்பத்தான் ஆரம்பிக்குது.

மூணு, எடை குறைஞ்ச ரீடிங்குகளை மட்டும் ஒரு டேபிளாப் போட்டு, பக்கத்துல "என்ன நடந்திருக்கலாம்"னு ஒரு வரி எழுதுங்க. சென்சார் ஒயர் கழண்டுச்சா, கரண்ட் கட் ஆச்சா, வேற லாட் கலந்துச்சா, தெரியலையா. "தெரியலை"ன்னு எழுதறதும் பதில்தான். அந்த ரீடிங் தனியா நிக்குதா, இல்லை கூட்டமா நிக்குதான்னு பாருங்க. கூட்டமா நின்னா அது பெரும்பாலும் பிழை இல்லை, நீங்க இன்னும் பெயர் வைக்காத ஒரு குழு.

ரிவ்யூவுல உட்கார்ற சீனியர்களுக்கும் சாருங்களுக்கும் மேடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஆக்யூரசி எவ்வளவு?"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி, "எதையெல்லாம் எடுத்துட்டே? அந்த லிஸ்ட்டைக் காட்டு"ன்னு ஒரு தடவை கேளுங்க. அந்த ஒரு கேள்வி வரும்னு தெரிஞ்சாலே போதும், லேப்ல நம்பர் மாத்தற கை கொஞ்சம் யோசிக்கும்.